அவள் சாப்பிட்டு முடிக்கட்டும்

சாப்பிட்டு முடிக்கட்டும், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், இது இரண்டாவது தட்டுதான், இதோடு நிறுத்திவிடுவாள், வீட்டில் காலையில் இரண்டு தோசைக்கு மேல் போகாதவள், மூன்றாவது ஊற்றட்டுமா என்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டி வேண்டாம் என்பவள், இந்தத் தட்டு முடிந்ததும் தண்ணீர் குடிப்பாள், வாயைத் துடைத்துக்கொள்வாள், அப்போது சொல்லிவிட வேண்டும். உலகு, ஒரு விஷயம். இல்லை, அப்படி ஆரம்பிக்கக் கூடாது, ஒரு விஷயம் என்றாலே பாதி தெரிந்துவிடும். உலகு, ஆவுடை போன் பண்ணினான். அதுவும் சரியில்லை, அவள் அண்ணன் ஆவுடையப்பன் எனக்குக் காலங்காத்தாலே எதற்குப் போன் பண்ணப் போகிறான். எதிரே உட்கார்ந்து என் மனைவி உலகம்மை தர்பூசணித் துண்டு ஒன்றை முள்கரண்டியால் குத்தப் பார்க்கிறாள், அது தட்டில் வழுக்கி வழுக்கிப் போகிறது, யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவள் அப்பா இறந்து நாலு மணி நேரம் ஆகிறது. அவள் அப்பா எனக்குத் தாய்மாமா. என் காதைக் குத்தும்போது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவர். இங்கே எட்டே முக்கால், ஊரில் ஆறேகால், ஆவுடை கூப்பிட்டான், அவள் பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டான், உறங்கிக்கிட்டு இருக்கா என்றேன், வெளிய வா மாப்ள என்றான், நான் வெறுங்காலோடு அறைக்கு வெளியே வந்து நின்றேன், பூப்போட்ட கம்பளம், நடைபாதை முழுக்கக் கம்பளம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், காலடிச் சத்தமே கேட்காது. “அப்பா போயிட்டாவ மாப்ள. மூணு மணிக்கு நெஞ்சு வலிக்குன்னாவ. ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு.” அவன் அழவில்லை, அழுது முடித்த குரல். “நாளைக்குச் சனிக்கிழம. பெரியாளுவ எல்லாம் இன்னைக்கு ரெண்டு மணிக்கே எடுத்துருவோங்காவ. உலகு வரணும்னா சொல்லு, வச்சிருக்கோம். நீ சொல்லுததுதான்.” நான் சொன்னேன். காபியா டீயா என்று கேட்டால்கூட நான் இரண்டு நொடி யோசிப்பேன், இதற்கு யோசிக்கவில்லை. “எடுத்துருங்க மச்சான்” என்றேன்.

எடுத்துருங்க. என் வாய்தான் சொன்னது. சொன்ன பிறகு அந்தச் சொல் கம்பளத்தில் விழுந்து சத்தமில்லாமல் கிடந்தது, நான் அதைத் தாண்டித்தான் அறைக்குள் வந்தேன், அவள் புரண்டு படுத்து, “சாப்பாடு எத்தன மணி வரைக்கும் அத்தான்?” என்றாள். பதினொன்று வரைக்கும் என்றேன். அவள் துள்ளி எழுந்தாள். கல்யாணம் ஆகி ஐந்து வருஷத்தில் அவள் இப்படித் துள்ளி எழுந்து நான் பார்த்ததில்லை, நாங்கள் எங்கேயும் போனதில்லை, போனது குற்றாலம், போனது திருச்செந்தூர், அதுவும் யார் வீட்டு விசேஷத்தையாவது ஒட்டி. நான் மதுரையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன், இந்த வருஷம் சொன்ன அளவுக்கு மேல் விற்றுக் காட்டியதற்குக் கம்பெனி கொடுத்த ஜோடிப் பயணம் இது, வியாழன் வரவு, வெள்ளி சனி ஞாயிறு, திங்கள் காலை புறப்பாடு, ஹாங்காங் பக்கத்தில் மக்காவ் என்று சொன்னதும் அவள் வரைபடத்தில் தேடி விரல் வைத்துப் பார்த்து, “ஏ அப்பா, கடலுக்குள்ள தொங்கிக்கிட்டுல்லா இருக்கு” என்றாள். முதல் பாஸ்போர்ட், முதல் விமானம், நாலு புதுச் சுடிதார், தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்து என்னிடம் காட்டாமல் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கச் சமைத்தாள். நேற்று மத்தியானம் வந்து இறங்கினோம். ஓட்டலுக்குள்ளேயே ஆறு ஓடுகிறது, படகு ஓடுகிறது, படகோட்டி பாடுகிறான், மேலே கூரையில் வானம் வரைந்திருக்கிறார்கள். வானம் என்றால் சும்மா நீலம் இல்லை, சூரியன் இப்போதுதான் இறங்கியது போல, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள், மேகத்தின் அடிவயிற்றில் சாம்பல், நாங்கள் வந்தபோது அப்படி இருந்தது, ராத்திரி அறைக்குப் போனபோது அப்படி இருந்தது, இப்போது காலை ஒன்பதரைக்கும் அப்படியே இருக்கிறது. நான் பெயிண்ட் விற்கிறவன், எந்த நீலத்தில் எத்தனை சொட்டு வெள்ளை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் நிமிர்ந்து பார்க்கிறபோதெல்லாம் ஒரு நொடி நம்பிவிடுகிறேன். அந்த வானத்துக்குக் கீழேதான் இந்தச் சாப்பாட்டுக் கூடம், ஆற்றங்கரையில் மேசை போட்டிருக்கிறார்கள். இங்கே வர கேசினோ வழியாகத்தான் வர வேண்டும், வேறு வழி வைக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கும் அங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், சட்டை கசங்கிப்போய், கண் சிவந்து, சன்னல் கிடையாது, ஒரு சுவரிலும் கடிகாரம் கிடையாது, ஒரு பெரியவர் சீட்டின் ஓரத்தை நகத்தால் மெதுவாக, மிக மெதுவாக மடித்து உள்ளே என்ன எண் என்று பார்த்தார், சட்டென்று திருப்பிப் போட்டுவிடலாம், ஆனால் திருப்பாதவரைக்கும் அது எதுவாகவும் இருக்கலாம் அல்லவா, உலகு என் கையைக் கிள்ளி, “பாருங்க, பயந்து பயந்து பாக்காரு” என்று கிசுகிசுத்தாள். நேற்று சாயங்காலம் அவளும் ஒரு சுழலும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து மூன்று தரம் பொத்தானை அமுக்கினாள், மூன்றாம் தரம் ஏதோ மணி அடித்தது, என்ன விழுந்தது என்று எனக்கும் புரியவில்லை அவளுக்கும் புரியவில்லை, ஆனால் இயந்திரம் பாடியது, அவள் எழுந்து நின்று கை தட்டினாள். அந்தக் கைதட்டலுக்குத்தான் நான் இன்று காலை விலை கொடுத்தேனா, இன்னும் மூன்று நாள் கைதட்டட்டும் என்றா எடுத்துருங்க என்றேன்.

“என்ன யோசனை? கம்பெனி ஞாபகமா?” என்கிறாள். இல்லை என்கிறேன். “அந்தா இருக்கு பாருங்க, ஆவில வேகவச்சு குட்டிக் குட்டியா, நம்ம கொழுக்கட்ட மாதிரியே மடிச்சிருக்கான். நாலு எடுத்துட்டு வாரேன்.” எழுந்து போகிறாள். அப்படியானால் மூன்றாவது தட்டு. சரி, மூன்றாவது. மணி ஒன்பது நாற்பது. அறையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போனில் பார்த்துவிட்டேன், ஹாங்காங்கில் இருந்து இரண்டு மணிக்கு ஒரு விமானம், இங்கிருந்து கடல்மேல் போகிற நீளப் பாலத்தில் பஸ், பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால் விமானத்தைப் பிடிக்கலாம், சாயங்காலம் சென்னை, ராத்திரி முழுக்கக் காரில் போனால் விடிவதற்கு முன்னால் தென்காசி. விடிவதற்கு முன்னால். விடிந்தால்தானே சனிக்கிழமை, விடியும்வரை அது வெள்ளிக்கிழமை ராத்திரிதானே, அப்படியென்றால் பெரியவர்கள் சொல்வதும் கெடாது, அவள் முகமும் பார்த்துவிடுவாள், எல்லாம் சரியாக வரும், நான் இப்போதே சொன்னால். இரண்டு சீட்டு இருந்தது, போனில் பச்சை நிறத்தில் இரண்டு என்று காட்டியது. ஆவுடைக்கு ஒரு போன், மச்சான் கொஞ்சம் பொறுங்க, அவ வாரா. அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிட மாட்டாள், எடுக்கிறவரைக்கும் பச்சைத்தண்ணி, நாளைக்கு விடிகிறவரைக்கும் பட்டினி, அதனால்தான், அதனால் மட்டும்தான், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். இழவு சொல்லப் போகிறவன் வாசலில் நின்று முதலில் அடுக்களையைத்தான் எட்டிப் பார்ப்பான், இலையில் உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்ல மாட்டான், எழுந்து கை கழுவட்டும் என்று நிற்பான். இதை மாமாவை விட அதிகம் செய்தவர் யார். தென்காசியில் மாமாவுக்கு வாடகைக் கடை, நாற்காலி, பாத்திரம், பந்தல், இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளிர்பெட்டியும் வாங்கினார், பிணத்தை வைக்கிற கண்ணாடிப் பெட்டி. ஒரு வீட்டில் யாராவது போனால் சொந்தக்காரனுக்குத் தெரிவதற்கு முன்னால் மாமா கடைக்குத்தான் போன் வரும். பெட்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகிற வழியில் இறந்தவரின் தம்பி ஒன்றும் தெரியாமல் டீக்கடையில் நிற்பான், மாமா டெம்போவை ஓரங்கட்டி இறங்கிப் போய், “சாப்ட்டாச்சா?” என்று கேட்பார், இல்லை என்றால் பக்கத்துக் கடையில் உட்காரவைத்து நாலு இட்லி சாப்பிடவைத்துக் கை கழுவிய பிறகுதான் தோளில் கை போடுவார். அந்தக் குரலே தனி, கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் தயவாக. சின்ன வயதில் அந்தக் குரல் கேட்டாலே தானும் ஆவுடையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வதாக உலகு சொல்லியிருக்கிறாள், இந்தா ஒருத்தன் மாட்டிக்கிட்டான் என்று.

கொழுக்கட்டை மாதிரி இருந்ததைக் கடித்துவிட்டு நிறுத்துகிறாள், கண் விரிகிறது. “அத்தான். உள்ள எறால்.” “நல்லாயில்லியா?” “நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமல்லா! மறந்தே போயிட்டு. இந்த ஊர்ல கிழமையே தெரிய மாட்டேங்கு.” ஒரு நிமிஷம் குற்றவாளி போல இருந்துவிட்டு, “சரி, எங்க சாமி கடல் தாண்டியா வந்து பாக்கப் போவுது” என்று மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை. அவள் வாயாலேயே வந்துவிட்டது. இப்போது சொல்லலாம், ஆமா உலகு வெள்ளிக்கிழமைதான், நாளைக்குச் சனிக்கிழமை, அதனால. அவள் மென்று முடிக்கட்டும். “சாப்ட்டுட்டு அப்பாவுக்கு வீடியோ போடணும். இந்த வானத்தக் காட்டி, இது நெசமா பொய்யா சொல்லுங்க பாப்போம்னு கேக்கணும். கோவமா இருப்பாவ. இருந்தா என்ன, இந்த வானத்தப் பாத்தா சிரிச்சிருவாவ.” வைஃபை வேலை செய்யவில்லை என்கிறேன். “நேத்து செஞ்சுதே?” காலையில் இருந்து இல்லை, கீழே கேட்டேன், சரி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறேன், இத்தனை சரளமாக எனக்குப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது, அவள் போனில் நான்தான் காலையில் எல்லாவற்றையும் அணைத்துவைத்தேன். “அப்ப உங்க போன்ல போடுவோம்.” சார்ஜ் இல்லை என்கிறேன். புதன்கிழமை அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை. மாமா போனில், “ராமேஸ்வரத்துக்குக் கூப்புட்டா வரமாட்ட, சூதாடுத ஊருன்னா றெக்க கட்டிப் போற” என்று சொல்லிவைத்தார், கேலியாகத்தான் சொன்னார், அவர் எதையும் கேலியாகத்தான் சொல்வார், இவளுக்குச் சுருக்கென்றது. “உங்க காசுலயா போறேன்? ஒருநாளாவது நல்லபடியா போயிட்டு வான்னு சொல்ல வாய் வருதா உங்களுக்கு?” என்று கத்திவிட்டுப் போனைவைத்துவிட்டாள். அதுதான் கடைசி. சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டார், நான் ஒரு கடையில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன், “கோவமா இருக்காளா மருமவனே? இருக்கட்டும், இருக்கட்டும். அங்கன சோறு கிடைக்குமா? நல்லா சாப்பிடச் சொல்லு” என்றார், சரி மாமா என்றேன், வீட்டுக்குப் போய் அதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன், பெட்டி கட்டுகிற அவசரம். நல்லா சாப்பிடச் சொல்லு. அதைத்தானே செய்கிறேன். அவர் சொன்னதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

மணி பத்து ஐந்து. இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது, அறைக்குப் போய்த் துணியை எடுக்க வேண்டாம், பாஸ்போர்ட் என் பையில் இருக்கிறது, பஸ் நிற்கிற இடத்துக்கு டாக்சியில் பத்து நிமிஷம், ஆக இன்னும் பதினைந்து நிமிஷம், அதில் அழுகைக்கு எத்தனை நிமிஷம் விடுவது, இப்படியெல்லாமா ஒருத்தன் கணக்குப் போடுவான். பயம், வேறொன்றும் இல்லை. சொல்கிற அந்த ஒரு நொடிக்கு முன்னால் அவள் முகம் இப்படி இருக்கும், பின்னால் வேறு மாதிரி இருக்கும், நடுவில் நிற்கப் போவது என் முகம். வாழ்நாள் முழுக்க அவள் அப்பாவை நினைக்கும்போதெல்லாம் என் வாய் அசைந்ததும் ஞாபகம் வரும். அதற்குப் பயந்துகொண்டுதான் ஆவுடையிடம் அப்படிச் சொன்னேனா. இல்லை, அப்போது அதுகூட இல்லை, உண்மையைச் சொன்னால் அப்போது நான் நினைத்தது படகை. பதினொன்றரைக்குப் படகுக்குப் பதிந்துவைத்திருந்தோம், அவள் நேற்று முழுக்க அந்தப் படகைப் பற்றியே பேசினாள், மாமா செத்துப்போய்விட்டார் என்று காதில் விழுந்ததும் என் மனசில் முதலில் வந்தது, ஐயோ படகு. அழுகை வரவில்லை, படகு வந்தது. அந்த மனசுதான் எடுத்துருங்க என்றது. மாமா இருந்திருந்தால் என்னைக் கடை வாசலிலேயே நிறுத்தி உரித்திருப்பார். அவருக்கு அவசரப்படுகிறவர்களைக் கண்டால் ஆகாது. பம்பாயில் இருந்து ஒரு மகள் வர வேண்டும் என்றால் இரண்டு நாள் ஆனாலும் பெட்டியை எடுக்க மாட்டார், வாடகையும் ஒரு நாளுக்கு மேல் வாங்க மாட்டார், சனிக்கிழமை ஆகிவிடுமே, சனிப்பிணம் துணை தேடுமே, பாடையில் கோழி கட்ட வேண்டுமே என்று முணுமுணுக்கிற பெரியவர்களிடம், “கோழிய நான் வாங்கித் தாரேன்வே. அந்தப் பிள்ள மொகத்தப் பாக்காண்டாமா?” என்று சண்டை போடுவார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், பரீட்சை லீவில் கடையில் நின்றபோது. இப்போது அவரே அந்தப் பெட்டிக்குள். சொந்தப் பெட்டி. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைக்கலாம். யாருக்கு அவசரம். கண்ணாடி வழியாக மூக்கு மட்டும் எடுப்பாகத் தெரியும், அந்த மூக்கு அப்படியே உலகுக்கு வந்திருக்கிறது, இப்போது தயிர்க் கிண்ணத்துக்கு மேல் குனிந்திருக்கிறது, நுனியில் ஒரு பொட்டு தயிர்.

அவள் மறுபடியும் எழுந்து போகிறாள், நான் தடுக்கவில்லை. போகிற போக்கில் மேசை துடைக்கிற சீனப் பெண்ணிடம் தலையாட்டிச் சிரிக்கிறாள், ரொட்டி சுடுகிறவன் முன்னால் நின்று விரலால் காட்டிக் கேட்கிறாள், அவனும் விரலால் பதில் சொல்கிறான், இரண்டு பேருக்கும் பாஷை கிடையாது, நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள். பத்து இருபது. பத்து இருபத்தாறு. பழம் நறுக்குகிற இடத்தில் நிற்கிறாள். எழுந்து போய்த் தோளைத் தொட வேண்டும். ஆற்றில் ஒரு படகு போகிறது, அதில் ஒரு கிழவரும் கிழவியும், படகோட்டி பாடுகிறான், தண்ணீர் அடித்தரை தெரிகிற அளவுக்கு அத்தனை சுத்தமாக இருக்கிறது. பத்து முப்பது. பத்து முப்பத்தொன்று. போய்விட்டது. போய்விட்டது என்றதும் என் தோள் இறங்கியது, மூச்சு தாராளமாக வந்தது, அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, பஸ் போய்விட்டது, இனி அவசரம் இல்லை, இனி எப்போது சொன்னாலும் ஒன்றுதான். அவள் நாலாவது தட்டோடு வருகிறாள், சின்ன கேக், ஏதோ பச்சைக் களி, முந்திரி மாதிரி ஒன்று. “போதும்னுதான் நெனச்சேன். கண்ணு கேக்க மாட்டேங்கு. அப்பா பாத்தா, பந்தியில உக்காந்து பழக்கமில்லாதவ மாதிரி திங்கான்னு சொல்லுவாவ.” ஒரு கரண்டி வாயில் போடுகிறாள். “இன்னும் கொஞ்சம் சாப்பிடு” என்கிறேன். “நல்லா சாப்பிடு உலகு.” அவள் மெல்லுவதை நிறுத்துகிறாள்.

“என்ன, அப்பா மாதிரி சொல்லுதிய?” சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள். சிரிப்பு முகத்திலேயே இருக்கிறது, ஆனால் கண் என் தட்டுக்குப் போகிறது. என் முன்னால் தட்டே இல்லை, ஒரு காப்பி, அதுவும் ஆடை படிந்து ஆறிப்போய். “நீங்க ஒண்ணும் எடுக்கலியா?” பசியில்லை. “பசியில்லியா. உங்களுக்கா.” என் முகத்தைப் பார்க்கிறாள், என் போனைப் பார்க்கிறாள், குப்புறக் கவிழ்த்துவைத்திருந்தேன், மறுபடியும் முகத்தைப் பார்க்கிறாள். வாடகைக் கடைக்காரர் மகள். கரண்டியைச் சத்தம் வராமல் மேசையில் வைக்கிறாள். “யாரு?” என்கிறாள். நான் காப்பிக் கோப்பையைத் தள்ளிவைக்கிறேன். “அம்மாவா?” தலையை ஆட்டுகிறேன், இல்லை என்று. அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வாயில் அந்தக் கேக் இருக்கிறது. விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, கன்னம் உப்பியபடி சின்னப் பிள்ளை மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிறகு காகிதத் துணியை எடுத்து வாயை மூடி, அதில் துப்பி, நாலாக மடித்து, மேசையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொள்கிறாள். “எப்ப?” ராத்திரி மூணு மணிக்கு. நெஞ்சுவலி. “உங்களுக்கு எப்பத் தெரியும்?” எட்டே முக்கால். அவள் மேசையைப் பார்க்கிறாள். காலித் தட்டுகளை அந்தச் சீனப் பெண் எடுத்துப் போய்விட்டாள், ஆனாலும் அவள் ஒவ்வொன்றாக அந்த இடங்களைப் பார்க்கிறாள். “நாலு தட்டு தின்னிருக்கேன் அத்தான்” என்கிறாள். “எங்கப்பா செத்துக் கெடக்காவ. எறால தின்னுக்கிட்டு நல்லாயிருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.” நீ சாப்பிடட்டும்னுதான், என்று ஆரம்பித்தேன், அவள் கையை உயர்த்தி நிறுத்துகிறாள். “எப்ப எடுக்காவ?” ரெண்டு மணிக்கு. “இன்னைக்கா? என்ன அவசரம்? நான் வருவேன்னு தெரியாதா?” நாளைக்குச் சனிக்கிழமை. “அப்பா என்னைக்குச் சனிக்கிழம பாத்தாவ? யாரு எடுக்கச் சொன்னா?” பெரியவர்கள் என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை. நாக்கு நுனியில் இருக்கிறது, அதைச் சொன்னால் அவள் அவர்கள் மேல் கோபப்படுவாள், நான் அவளைப் பிடித்துக்கொள்ளலாம், அவளும் என் மேல் சாய்ந்துகொள்வாள். “நான்தான் சொன்னேன்” என்கிறேன். அவளுக்குப் புரியவில்லை. “என்ன சொன்னிய?” “ஆவுடை கேட்டான். வச்சிருக்கவா எடுக்கவான்னு. எடுத்துருங்கன்னு சொன்னேன்.” அவள் அப்போதும் அழவில்லை. குரலும் உயரவில்லை. “அவன் உங்ககிட்ட கேட்டான். நீங்க எங்கிட்ட கேட்டியளா?” என்றாள். கையை நீட்டினாள். நான் போனைக் கொடுத்தேன்.

நிறையச் சார்ஜ் இருந்தது, அதையும் பார்த்தாள். எழுந்து ஆற்றோரக் கைப்பிடி அருகே போய் நின்று பேசினாள், எனக்குக் கேட்டது, எனக்குக் கேட்கக் கூடாது என்று அவள் பேசவில்லை. “அண்ணா, நான்தான். அழாத. அழாதங்கேன்லா. கேளு. எடுக்காத. சனிக்கிழமையா இருக்கட்டும், எந்தக் கிழமையா வேணா இருக்கட்டும். அவரு சொன்னாரு, சரி, அவரு சொன்னது அவரு சொன்னது. இப்ப நான் சொல்லுதேன். பெரியப்பாட்ட குடு. அவுகட்ட நான் பேசுதேன், குடு.” பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது, முதுகு மட்டும் தெரிந்தது, புதிதாக வெட்டிய முடிக்குக் கீழே கழுத்து, நாலு புதுச் சுடிதாரில் ஒன்று, விலைச்சீட்டின் பிளாஸ்டிக் முள் ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக் கத்தரிக்க வேண்டும் என்று தோன்றியது எனக்கு. பெரியவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், இவள் சரி பெரியப்பா, சரி பெரியப்பா என்றாள், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன் பெரியப்பா. வைத்திருப்பார்கள். ஒற்றைப் பெண், போனில், ஐந்து நிமிஷத்தில். நான் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து போனை மேசையில் வைத்தாள், உட்காரவில்லை. “ஒரு டிக்கெட் போடுங்க. எந்த வழியானாலும் சரி.” ரெண்டு மணி விமானம் இனிக் கிடைக்காது, சாயங்காலம் ஒன்று இருக்கிறது, ஒரு ஊர் இறங்கி மாற வேண்டும், நடுராத்திரிக்குச் சென்னை, ரெண்டு சீட்டும் இருக்கும்னு நினைக்கேன், என்றேன். “ஒண்ணு.” “உலகு.” “ஒண்ணு போதும். நீங்க இருங்க. ரூம் திங்கக்கிழம வரைக்கும் இருக்குல்லா.” “அவரு எனக்கும் மாமால்லா உலகு.” “தெரியும். அதனாலதான் சொல்லுதேன். நீங்க வந்து அங்கன நின்னு அழுதியன்னா எனக்குப் பொறுக்காது.”

போட்டேன். போனை எடுத்தேன், திறந்தேன், தேதி, எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர், ஒன்று. அவள் பக்கத்தில் நின்றாள், என்னைத் தொடாத அளவுக்கு. பெயர் என்று கேட்டது, உலகம்மை என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அடுத்த கட்டத்தில் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன், தெரியாமல் இல்லை, இருந்தாலும் ஒரு எழுத்துகூட மாறக் கூடாதே. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயரைத்தான் அந்த இடத்தில் போடுவோம், பாஸ்போர்ட் எடுக்கும்போது கவுண்டரில் இருந்த பெண், வீட்டுக்காரர் பெயரா அப்பா பெயரா என்று கேட்டதற்கு இவள் என்னைப் பார்க்காமலேயே அப்பா பெயர் என்றாள். குற்றாலலிங்கம். ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து. மாமாவின் பெயரை நான் இதுவரைக்கும் எழுதியதே இல்லை, மாமா என்றுதான் போனில்கூடப் பதிந்துவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக அடித்தேன், ஏழாவது எழுத்தில் கட்டம் கலங்கிப்போய் எழுத்து தெரியவில்லை, விரல் நின்றுவிட்டது. “என்ன, போகலியா?” என்று அவள் குனிந்தாள். போனைப் பார்த்தாள். பாதிப் பெயர் இருந்தது, குற்றால் என்பது வரைக்கும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தினாலும் நிற்கவில்லை, அந்தக் கூடம் முழுக்க, ரொட்டி சுடுகிறவன்வரைக்கும், கரண்டிச் சத்தம் நின்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் அழுதாள், எங்கள் ஊரில் அழுகிற மாதிரி, அப்பாவைப் பேர் சொல்லாமல் அப்பா அப்பா என்று. நான் எழுந்து நின்றேன். கிட்டப் போகலாமா என்று தெரியவில்லை. என் கை அவள் முதுகுப் பக்கம் பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டது. மிச்சம் ஏழு எழுத்தையும் நின்றபடியே அடித்தேன்.